மொட்டைப் பூச்சிகள்

1961 டிசம்பர் 4, திங்கள்

விடியற்காலையில் மழை விட்டது. இரண்டு பூச்சிகள் கட்டினேன். முதலாவதற்கு வால் நீண்டுவிட்டது, பிரித்துவிட்டேன். இரண்டாவது பரவாயில்லை என்று நினைக்கிறேன். காட்டுவதற்கு ஆள் இல்லாதபோது பரவாயில்லை என்று யார் சொல்வது?

டாக்டர் லகார்த் பிரான்சுக்குக் கப்பலேறி ஏழு வருஷம் ஆகிவிட்டது. அவருக்காகத்தான் இந்த வேலையைக் கற்றேன். பள்ளியின் சோதனைச்சாலையான லபோராத்துவாரில் தவளை அறுத்து வைப்பதும் தட்டான் பாடம் செய்து வைப்பதும் அப்போது என் உத்தியோகம். ஒருநாள் அவர் உள்ளே வந்து, ஊசி குத்தி வைத்திருந்த என் தட்டான்களை வெகுநேரம் பார்த்தார். "இதே மாதிரி ஒன்றை இறகாலும் நூலாலும் தூண்டில் கொக்கியில் கட்ட முடியுமா?" என்று கேட்டார். ஒவ்வொரு ஏப்ரலிலும் நீலகிரிக்குப் போய் முக்குருத்தி ஏரியில் ட்ரௌட் மீன் பிடிப்பது அவர் வழக்கம். அந்த மீன் புழுவுக்கு வராதாம், பூச்சிக்குத்தான் வருமாம்.

நான் சைவம். மீன் தின்றதில்லை. ட்ரௌட்டைக் கண்ணால் பார்த்ததும் இல்லை. ஆனாலும் பதினோரு வருஷம் அதன் வாய்க்குப் பூச்சி கட்டினேன். அவர் போன பிறகும் கை நிற்கவில்லை. பிஸ்கோத்து டப்பா ஒன்று நிறைந்து, இரண்டாவதில் பாதி ஆகியிருக்கிறது.

இவற்றில் ஒன்றையாவது ஒரு மீன் கவ்வியிருக்குமா? அவரிடம் கேட்டதில்லை. கேட்க ஆரம்பித்து, வேறு எதையாவது கேட்டுவிடுவேன்.

டிசம்பர் 9, சனி

அடுத்த தெரு இருசப்பன் இறகு கொடுத்தான். மில் வேலை போக மற்ற நேரமெல்லாம் சண்டைச் சேவல்தான் அவனுக்கு. "வாத்தியாரே, செவலையோட கழுத்தப் பாருங்க, கம்பி மாதிரி நிக்குது. என் பொண்டாட்டிகூட இவ்ளோ வெறப்பா நின்னதில்ல" என்றான். சிரித்து வைத்தேன்.

நான் வாத்தியார் இல்லை என்று இந்தத் தெருவுக்கு எத்தனையோ முறை சொல்லிவிட்டேன்.

கழுத்து இறகைப் பூச்சியின் தலைக்குக் கீழே வளையமாகச் சுற்றுவதுதான் இந்த வேலையிலேயே கடினம். ஒரு மயிர் மடங்கக் கூடாது. எல்லாம் ஒரே கோணத்தில், சூரியனை வரைந்த மாதிரி நிற்க வேண்டும். துறைமுகப் பாலத்தில் விடைபெற்றபோது டாக்டர் அதைத்தான் சொன்னார்: "தெய்வநாயகம், உன்னைப்போல் கழுத்து இறகு சுற்றுகிறவனை பிரான்சிலும் நான் பார்க்கப்போவதில்லை." என்னை வேறு யாரும் அப்படிச் சொன்னதில்லை. அந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டே ஏழு வருஷம் ஓட்டிவிட்டேன் போலிருக்கிறது.

டிசம்பர் 17, ஞாயிறு

சாரத்திலிருந்து மகள் சுலோசனா குழந்தையோடு வந்தாள்.

"எல்லாம் நல்லா இருக்காம்மா?"

"நல்லா இருக்குப்பா."

"மாப்பிள்ளை?"

"நல்லா இருக்காராம்பா."

மாப்பிள்ளை பலராமன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தா, அதாவது சிப்பாய். அல்ஜீரியாவில் இருந்துவிட்டு இப்போது பிரான்சில் இருக்கிறார். வாராவாரம் இதே கேள்வி, இதே பதில். வேறு கேள்வி எனக்குத் தெரியவில்லை.

டிசம்பர் 19

கோவாவுக்குள் பட்டாளம் புகுந்ததைத்தான் கடைத்தெரு முழுக்கப் பேசுகிறார்கள். நூல்கடையில் என் பட்டு நூல் இல்லை. திரும்பினேன்.

1962 ஜனவரி 3, புதன்

எதிர்பாராத ஆள். கன்னியப்பன். டாக்டரின் சமையல்காரன், ஏப்ரல்தோறும் அவரோடு மலைக்குப் போனவன். இப்போது ஸ்டேஷன் பக்கம் ஓர் ஓட்டலில் இருக்கிறான். தலை முழுக்க நரைத்துவிட்டது.

"கோத்தகிரி எஸ்டேட் மானேஜர் தொரை ஞாபகம் இருக்குங்களா? நம்ம தொக்தேர் தொரைகூட ஏரிக்கு வருவாரே? இந்த ஏப்ரல்ல சமைக்க என்னைக் கூப்ட்டுருக்காரு. வரும்போது அந்தப் பாண்டிச்சேரிப் பூச்சிய ஒரு டப்பா வாங்கியான்னு சொல்லி அனுப்பிச்சாரு. நீங்க உசுரோட இருக்கீங்களோ என்னமோன்னுதான் வந்தேன்."

"இருக்கிறேன்" என்றேன்.

மார்ச்சில் வந்து வாங்கிக்கொள்வான். தும்பிப் பூச்சிதான் வேண்டுமாம். தும்பி சிறகு முளைக்கும்முன் ஏரி அடியில் ஊர்ந்து திரியுமே, அந்த உருவம். ஊசுடு ஏரிச் சேற்றில் பிடித்து வந்து, அதைப் பார்த்துத்தான் நான் முதலில் கட்டினேன். டப்பாவில் இருப்பதையே கொடுத்துவிடலாம். ஆனால் பழையது. புதிதாகக் கட்டுவேன்.

அவன் போன பிறகுதான் தோன்றியது: மீன் கவ்வியதா என்று இவனிடம் கேட்டிருக்கலாம். கூடவே இருந்தவன். வாசல்வரை போனேன். தெருமுனை திரும்பிவிட்டான். கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும். கூப்பிடவில்லை.

ஜனவரி 15, திங்கள்

மாட்டுப் பொங்கல். சுலோசனா வந்து பொங்கல் வைத்துக் கொடுத்தாள். இன்று ஏனோ வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். கிணற்றுக் கயிற்றை இழுத்துப் பார்த்து, "மாத்தணும்பா" என்றாள். பக்கத்துத் தெரு மெஸ்ஸில் மாதச் சாப்பாடு நன்றாக இருக்குமா என்று கேட்டாள். "ஏம்மா?" என்றேன். "சும்மாத்தான்பா" என்றாள்.

ஜனவரி 24, புதன்

வெட்கக்கேடு. எழுதவே கூசுகிறது.

கன்னியப்பன் வந்து போனதிலிருந்து ஒரு யோசனை. நான் பூச்சியை எப்போதும் மேசைமேல் வைத்துப் பக்கவாட்டில்தான் பார்க்கிறேன். மீன் அப்படிப் பார்க்குமா? அது கீழே இருந்து மேலே பார்க்கும். இத்தனை வருஷம் இது ஏன் தோன்றவில்லை?

விரிசல் என்று லபோராத்துவாரில் கழித்துப் போட்ட கண்ணாடித் தொட்டி ஒன்று என்னிடம் இருக்கிறது. மெழுகு வைத்து அடைத்தது. இரண்டு முக்காலிகளுக்கு நடுவே அதைத் தாங்க வைத்து, தண்ணீர் ஊற்றி, புதுப் பூச்சி ஒன்றைப் போட்டுவிட்டு, அடியில் பாயில் மல்லாந்து படுத்தேன்.

பூச்சி முங்கவில்லை. கழுத்து இறகு குடை விரித்தாற்போல் தண்ணீரின் தோலைப் பிடித்துக்கொண்டு நின்றது. உடம்பு கீழே தொங்கியது, குடையோடு தொங்குகிற மனுஷன் மாதிரி. சேற்றில் ஊர்கிற ஜீவன் தண்ணீர்மேல் குடை பிடித்து நிற்குமா? நனைந்தால் முங்கும் என்று காத்திருந்தேன். அசையாமல் படுத்திருந்தேன்.

அந்த நேரம் சுலோசனா உள்ளே வந்திருக்கிறாள். ஒரு அலறல். எழுந்திருக்க முயன்று தொட்டியில் தலை இடித்து, பாதித் தண்ணீர் என் முகத்தில். தெருவே வந்துவிட்டது. இருசப்பன் கக்கத்தில் சேவலோடு ஓடி வந்தான்.

"இன்னா, வாத்தியாரு போய்ட்டாரா?"

"இல்ல, மீனு எப்பிடி பாக்கும்னு பாத்தாராம்" என்று யாரோ சொன்னார்கள்.

"பாத்து வலையில வுழுந்துடப் போறாரு" என்றான் அவன். எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

சுலோசனா மட்டும் சிரிக்கவில்லை. நான் எழுந்து நின்று ஈர வேட்டியைப் பிழிந்துகொண்டிருக்கும்போதும் தேம்பித் தேம்பி அழுதாள். "உங்கள இப்பிடித் தனியா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். தலையில் சின்ன வீக்கம்தானம்மா என்றேன். அதற்கும் அழுதாள். இவ்வளவுக்கு அழ என்ன இருக்கிறது?

பிப்ரவரி 4, ஞாயிறு

எட்டுக் கிரகமும் ஒரே ராசியில். உலகம் அழியும் என்று தெருவில் ஹோமம். சுலோசனா வரவில்லை. எட்டுப் பூச்சிகள் கட்டினேன். கணக்குப் பார்த்துச் செய்யவில்லை.

பிப்ரவரி 5

அழியவில்லை.

பிப்ரவரி 19, திங்கள்

மாசி மகம். கடற்கரைக்குப் போனேன். சாமிகள் வரிசையாக வந்து நின்றன. கூட்டத்தில் எல்லோரும் யார் கையையாவது பிடித்திருந்தார்கள். என் மனைவி செல்வாம்பாள் இருந்தபோது என் மேல்துண்டின் நுனியைப் பிடித்துக்கொண்டு நடப்பாள், நான் தொலைந்துவிடுவேனாம். இன்று துண்டு சும்மா கிடந்தது. சீக்கிரம் திரும்பிவிட்டேன்.

குடை விஷயத்தை யாரிடம் கேட்பது? டாக்டருக்குக் கடிதம் எழுதலாமா என்று நினைத்தேன். எழுதினால் என்ன பதில் வரும்? "அருமை, தெய்வநாயகம்." அவர் வேறு எதுவும் சொன்னதில்லை.

மார்ச் 6, செவ்வாய்

கன்னியப்பன் வந்தான். புதுப் பூச்சிகளைப் பஞ்சின்மேல் வரிசையாக வைத்துக் காட்டினேன். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். முகத்தைச் சுளித்தான்.

"இதெல்லாம் சடையா இருக்குதேய்யா. மானேஜர் தொரை மொட்டையில்ல கேட்டாரு?"

"மொட்டையா?"

"நம்ம தொக்தேர் தொரை போடுவாரே, அது. ஏரிக்கரைக்குப் போனதும் மொத வேலை, சட்டப் பையிலேர்ந்து சின்னக் கத்திரிக்கோலு. நீங்க கட்டுன இந்த முடியெல்லாம் நறுக் நறுக்குன்னு வெட்டிடுவாரு. பளனிக்கு நேந்துக்கிட்ட புள்ள மாதிரி ஆயிடும். அப்பறந்தான் தண்ணியில போடுவாரு. நான்கூட கேட்டேன், ஏன் தொரை, மொதல்லயே வேணாம்னு சொல்லிடலாமேன்னு."

அவன் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். இது எனக்குத் தெரியும் என்றே நினைத்திருக்கிறான்.

"அதுக்கு என்ன சொன்னார்?"

"சொன்னா மனசு ஒடஞ்சிடும், அந்தாளுக்கிட்ட சொல்ல முடியாதுன்னாரு."

பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, அவனாகவே அவசரமாகச் சொன்னான்: "மீனு நல்லாப் புடிக்குங்கய்யா. மொட்டையா இருந்தா நல்லாவே புடிக்கும்."

இத்தனை வருஷம் நான் கேட்க நினைத்த கேள்விக்குப் பதில் வந்துவிட்டது. ஒரு வாரம் கழித்து வா என்று அனுப்பிவிட்டேன்.

மார்ச் 7

சாப்பிடவில்லை.

மார்ச் 8

நேற்றுப்போலவே.

மார்ச் 9, வெள்ளி

ஒரு டம்ளர் மோர்.

டாக்டர்மேல் கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பதினோரு வருஷம் ஒரே மேசையில் உட்கார்ந்து காப்பி குடித்தவர். "முங்கவில்லை, இறகைக் குறை" என்று ஒரு வார்த்தை! ஒரே வார்த்தை! அன்றைக்கே குறைத்திருப்பேனே? குறைத்திருப்பேனா? — இல்லை. இப்போது என்ன செய்கிறேனோ அதைத்தான் செய்திருப்பேன். மூன்று நாள் பட்டினி கிடந்து, அடுத்த தடவை அவர் வரும்போது லபோராத்துவாரின் பின்வாசல் வழியாக வீட்டுக்குப் போயிருப்பேன். அவருக்கு அது தெரிந்திருக்கிறது. அந்தாளுக்கிட்ட சொல்ல முடியாது.

செல்வாம்பாள் மார்பில் இருந்த கட்டி சுலோசனாவுக்கு ஒரு வருஷமாகத் தெரியும். எனக்குக் கடைசி மாதத்தில்தான் தெரியும். "உங்கிட்ட மட்டும் ஏன் சொன்னா?" என்று சுலோசனாவிடம் அப்போது கேட்டேன். "நீங்க தாங்க மாட்டீங்கன்னு அம்மா சொன்னாங்கப்பா" என்றாள். அதைப் பிரியம் என்று எடுத்துக்கொண்டேன். பிரியம்தான். ஆனால் அந்த ஒரு வருஷம் அவள் பக்கத்தில் படுத்திருந்தவன் யார்? நான் இல்லையே. எதுவும் தெரியாத ஒரு ஆள் படுத்திருந்தான்.

நான் தனியாக இருக்கிறேன், தனியாக இருக்கிறேன் என்று இதில் பக்கம் பக்கமாக எழுதுகிறேன். என்னை யாரும் தள்ளி வைக்கவில்லை. உடைந்துவிடும் சாமானை எல்லோரும் உயரத்தில் எடுத்து வைப்பார்கள். அவ்வளவுதான்.

மார்ச் 11, ஞாயிறு

சுலோசனா வரவில்லை, குழந்தைக்கு ஜுரம் என்று சொல்லி அனுப்பினாள்.

காலையில் சோறு வடித்துச் சாப்பிட்டேன். பிறகு கத்திரிக்கோல் எடுத்தேன்.

முதல் பூச்சியை மயிர் மயிராக வெட்டினேன். நாலைந்துக்குப் பிறகு ஒரே நறுக்கில் முடிந்தது. மேசை முழுக்கச் செவலையின் மயிர், சவரக்கடைத் தரை மாதிரி. கண்ணாடித் தொட்டியை எடுத்து வைத்து, கதவைத் தாழிட்டுவிட்டு, கீழே படுத்தேன்.

முங்கியது. அவசரமில்லாமல், தலை சற்றுத் தாழ்ந்து, மயிற்பீலி இழை சுற்றிய உடம்பு பச்சையும் பழுப்புமாக, ஊசுடு ஏரிச் சேற்றில் நான் பிடித்ததே இறங்கி வருகிற மாதிரி என் முகத்தை நோக்கி வந்தது. வாயைத் திறக்கலாமா என்று தோன்றிவிட்டது.

உடம்பு சரியாகத்தான் கட்டியிருக்கிறேன். அது முழுக்க என் வேலை. நான் பெருமைப்பட்ட இடம்தான் வேண்டாத இடம்.

மாலையில் இருசப்பன் வந்து மேசையைப் பார்த்துவிட்டான். "அடப்பாவி வாத்தியாரே, என் செவலையோட கழுத்தையா இப்பிடி செரச்சிப் போட்டீங்க? அவன் மூஞ்சில நான் எப்பிடி முழிக்கிறது?" இனிமேல் இறகு வேண்டாம் என்றேன். "அப்ப இனிமே இந்தப் பக்கம் வரவேணாங்கிறீங்களா?" என்றான். இல்லை, இறகில்லாமலும் வரலாம் என்றேன். உட்கார்ந்துவிட்டான். மில்லைப் பற்றி வெகுநேரம் பேசினான்.

மார்ச் 14

கன்னியப்பன் மொட்டைகளை வாங்கிப்போனான். வாசலில் அவனை நிறுத்தினேன். "குறை இருந்தால் சொல்ல வேண்டும். நல்லதாகச் சொல்லாதே. உள்ளதைச் சொல்" என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

மார்ச் 18, ஞாயிறு

சுலோசனா வந்தாள். குழந்தை முற்றத்தில் விளையாடியது. நான் "எல்லாம் நல்லா இருக்கா" என்று கேட்கவில்லை. கிணற்றுக் கயிற்றையும் மெஸ் சாப்பாட்டையும் அன்றைய அழுகையையும் ஒரு வாரமாக ஒன்றோடொன்று வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். லபோராத்துவாரில் இதைச் சீக்கிரமே செய்திருப்பேன்.

"எப்போம்மா போறீங்க?" என்றேன்.

அவள் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள்.

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. நீ சொல்லு."

சொன்னாள். மாப்பிள்ளைக்குப் பட்டாளத்தில் குடும்பத்தோடு இருக்க வீடு கொடுத்துவிட்டார்கள். பயணம் ஜூனில். நவம்பரிலேயே முடிவாகிவிட்டது. ஞாயிறுதோறும் சொல்லத்தான் வந்தாளாம். சொல்லாமல் திரும்பி, சாரம் போகிற வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொள்வாளாம்.

"எங்கூட வந்துடுங்கப்பா."

"குளிரும்மா. என்னால முடியாது." இது உண்மை. அடுத்ததும் உண்மைதான், சொல்லிவிட்டேன்: "நீ போறது எனக்குக் கஷ்டமாத்தான் இருக்கும். ரொம்பவே இருக்கும். ஆனா போ. எங்கிட்ட சொல்லாம மட்டும் இருக்காத."

அழுதாள். நானும் கொஞ்சம். குழந்தை இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தானும் அழ வேண்டுமா என்று யோசித்து, விட்டுவிட்டது.

அவள் கத்திரிக்காய்க் குழம்பு வைத்தாள். நான் சாப்பிடுகிறேனா என்று இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கினேன். பசியில்லை. ஆனாலும் கேட்டேன்.

மே 12, சனி

கன்னியப்பன் மலையிலிருந்து வந்துவிட்டான். வாசலிலேயே ஆரம்பித்தான்.

"உள்ளதச் சொல்லவா, நல்லதச் சொல்லவா?"

"உள்ளதை."

"வாலு கட்டுன நூலு ரெண்டு மூணுல அவுந்துபோச்சு. மானேஜர் தொரை கெட்ட வார்த்தையில திட்டுனாரு. அத அப்பிடியே சொல்லவா?"

"வேண்டாம்."

"கருப்பு கொஞ்சம் தூக்கலா இருக்காம். பச்ச கூட வேணுமாம். அடுத்த ஏப்ரலுக்கு அதுமாதிரி அனுப்பச் சொன்னாரு." பிறகு மடியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தான். "இது உங்களுக்கு."

என் பூச்சி ஒன்று. முதுகில் பீலி இழை பிய்ந்து, செப்புக் கம்பி வெளியே தெரிகிறது. பக்கவாட்டில் சின்னச் சின்னப் பற்கள் பதிந்த தடம். பூதக்கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தேன். வாயில் வரிசையாகப் பல் உள்ள ஒரு ஜீவன், எங்கோ குளிர்ந்த தண்ணீரில், இதை உயிர் என்று நம்பியிருக்கிறது. பாவம். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன்.

இவ்வளவு பிய்ந்த பூச்சியை நான் கட்டியதே இல்லை. மேசையில் கண்படும் இடத்தில் வைத்திருக்கிறேன்.

ஜூன் 11, திங்கள்

ஸ்டேஷன். ரயில் சொன்ன நேரத்துக்கே கிளம்பிவிட்டது. குழந்தை என் மேல்துண்டின் நுனியைக் கடைசிவரை விடவில்லை. துண்டைக் கொடுத்துவிட்டேன்.

ஜூன் 12

வீடு.

ஜூலை 1, ஞாயிறு

யாரும் வரவில்லை; வர யாரும் இல்லை. பச்சைப் பட்டு நூலைத் தண்ணீரில் நனைத்துப் பார்த்தேன். நனைந்தால் கறுக்கிறது. அதுதான் தவறு. ஒரு சாயல் வெளுப்பாக எடுக்க வேண்டும். இருசப்பன் வந்து, "இன்னும் நீங்க மீனா ஆவுலியா?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

ஆகஸ்ட் 18, சனி

முந்தாநாள் பாண்டிச்சேரி பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து கை மாறியது என்று ஊரெல்லாம் கொடி. எட்டு வருஷத்துக்கு முன்பே மாறியதுதானே. இப்போது காகிதத்திலும் மாறிவிட்டது. மூவர்ணக் காகிதம் காற்றில் பறந்து வந்து என் கிணற்றில் விழுந்திருந்தது.

சுலோசனாவின் முதல் கடிதம் வந்தது. பிரிக்கும்போது முதல் வரி என்னவாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். எழுதப் பழகியதிலிருந்து அவள் யாருக்கு எழுதும் கடிதமும் 'நலம், நலமறிய ஆவல்' என்றுதான் தொடங்கும்.

இது அப்படித் தொடங்கவில்லை.

'அப்பா, இந்த வீடு ஈரமாக இருக்கிறது. குழந்தைக்கு இருமல் நிற்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரி முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கடையில் நான் பேசும் பிரெஞ்சைக் கேட்டு ஒரு பையன் சிரித்தான். குழந்தை உங்கள் துண்டைப் போர்த்திக்கொண்டுதான் தூங்குகிறாள். நான் சமையலறையில் நின்று அழுகிறேன். அவரிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.'

இரண்டாம் முறை படித்தேன். அடுப்பு மூட்டி, சோறு வடித்து, மோர் ஊற்றி முழுவதும் சாப்பிட்டேன்.

பிறகு பதில் எழுத உட்கார்ந்தேன். வழக்கப்படி 'இங்கு நான் நலம்' என்று கை தானாகவே எழுதிவிட்டது. அதை அடித்துவிட்டு, அதன் கீழே எழுதினேன்:

'ஞாயிற்றுக்கிழமைகளில் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு இது பிடிக்கவில்லை, சுலோசனா.'